கியூபி பொம்மைகளும் அவற்றை வரைந்த பெண்ணும்: ரோஸ் ஓ நீலின் கதை

ஜப்பானில் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு மயோனைஸ் போத்தலைக் காணலாம். அதன் அடையாளச் சின்னமாக இருப்பது ஒரு குழந்தைப் பொம்மை. பெரிய கண்கள், உருண்டை வயிறு, விரித்த கைகள், உச்சந்தலையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு குடுமி. அதன் பெயர் கியூபி. 1925 முதல் இந்த மயோனைஸ் விற்பனையாகிறது. அந்த நாட்டில் பலர் கியூபியைத் தங்கள் நாட்டுப் பொம்மை என்றே எண்ணி வளர்ந்திருக்கிறார்கள்.

உண்மையில் அந்தக் குழந்தை பிறந்தது 1909 டிசெம்பரில், அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகை ஒன்றின் பக்கத்தில். சிறுவர்களுக்கான ஒரு சித்திரக்கதையாகத்தான் அது உலகுக்கு வந்தது. அதை வரைந்தவர் ரோஸ் ஓ நீல். தன் காலத்தில் அமெரிக்காவிலேயே அதிகம் சம்பாதித்த பெண் ஓவியர் என்று பேசப்பட்டவர். கியூபிகள் வழியாக அவருக்குக் கிடைத்த வருமானம் 14 இலட்சம் டொலர் என்று கணக்கிடப்படுகிறது. நூறு வருடங்களுக்கு முந்திய டொலர் அது. 1944இல் அவர் இறந்தபோது அந்தச் செல்வத்தில் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை.

பொம்மை உலகம் முழுக்கப் போனது. வரைந்தவரின் பெயர் வழியிலேயே கழன்று விழுந்தது. இரண்டும் எப்படி நடந்தன என்பதுதான் இந்தக் கதை.

ஒமாஹாவின் சிறுமி

ரோஸ் ஓ நீல் 1874 ஜூன் 25ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ்-பாரே நகரில் பிறந்தார். தந்தை அயர்லாந்து வழிவந்தவர். புத்தக வியாபாரி. ஷேக்ஸ்பியரிலும் நாடகத்திலும் ஊறியவர். வியாபாரம் மட்டும் அவருக்குக் கைவரவில்லை. தாய் இசையும் நாடகமும் தெரிந்தவர், ஆசிரியராகவும் வேலை பார்த்தார். ரோஸ் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மூடு வண்டியில் ஏறி மேற்கே நெப்ராஸ்காவுக்குப் போனது. வீட்டில் காசு குறைவு, புத்தகங்கள் நிறைய. பிள்ளைகளும் பலர். ரோஸ் தன் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தபடியே வளர்ந்தார். அந்தக் குழந்தைகளின் கன்னமும் வயிறும் பிறகு அவர் கோடுகளில் திரும்ப வந்தன.

வரையக் கற்றுக்கொடுக்க அவருக்கு எவரும் இருக்கவில்லை. தந்தையின் புத்தகங்களில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். பதின்மூன்று வயதளவில் ஒமாஹாவின் பத்திரிகை ஒன்று சிறுவர்களுக்கு ஓவியப் போட்டி வைத்தது. ரோஸ் அனுப்பிய ஓவியத்தைப் பார்த்த நடுவர்களுக்கு அது ஒரு சிறுமியின் வேலை என்று நம்ப முடியவில்லை. எங்கிருந்தாவது பார்த்து வரைந்திருப்பாள் என்று சந்தேகப்பட்டார்கள். அழைத்து, தங்கள் முன்னால் உட்காரவைத்து வரையச் சொன்னார்கள். வரைந்து காட்டினார். பரிசாக ஐந்து டொலர் தங்க நாணயம் கிடைத்தது.

அதற்குப் பிறகு உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு வரைவதும் அந்தக் காசில் வீட்டுக்கு உதவுவதும் வழக்கமாகின. இந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. வாழ்நாள் முழுக்க அவரே குடும்பத்தின் தூணாக இருந்தார்.

அறுபது ஓவியங்களும் கன்னியாஸ்திரிகளும்

1893இல் பத்தொன்பது வயதில் ரோஸ் நியூயோர்க்குக்குப் புறப்பட்டார். வழியில் சிக்காகோவில் இறங்கி, அங்கே நடந்துகொண்டிருந்த உலகக் கண்காட்சியைப் பார்த்தார். கையில் அறுபது ஓவியங்கள் இருந்தன. நியூயோர்க்கில் ஒரு கன்னியர் மடத்தில் தங்க ஏற்பாடாகியிருந்தது. தனியாக வந்த இளம்பெண் பத்திரிகை அலுவலகங்களுக்குத் தனியே போவதை அக்காலச் சமூகம் ஏற்காது. ஆகவே பதிப்பாசிரியர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கன்னியாஸ்திரிகள் துணைக்குப் போனார்கள். கறுப்பு அங்கி அணிந்த சகோதரிகள் புடைசூழ ஒரு பெண் வந்து கேலிச்சித்திரங்களை மேசையில் விரித்ததைக் கண்டு பதிப்பாசிரியர்கள் திகைத்திருப்பார்கள். ஆனால் ஓவியங்களை வாங்கினார்கள்.

அது அமெரிக்கச் சித்திரக்கதைகள் உருவாகிக்கொண்டிருந்த காலம். 'ட்ரூத்' என்ற நகைச்சுவைச் சஞ்சிகையில்தான், பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற 'மஞ்சள் பையன்' என்ற பாத்திரம் முதலில் தலைகாட்டியது. அதே சஞ்சிகையின் 1896 செப்டெம்பர் 19 இதழில் ரோஸ் வரைந்த நான்கு கட்டச் சித்திரக்கதை வந்தது. ஓர் அமெரிக்கப் பெண் வரைந்து வெளியான முதல் சித்திரக்கதை அதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

அடுத்த வருடம் 'பக்' என்ற புகழ்பெற்ற கேலிச்சித்திரச் சஞ்சிகையில் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்த ஓவியர்களில் அவர் ஒருவரே பெண். அந்தச் சஞ்சிகைக்கு மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட சித்திரங்களை வரைந்தார்.

இரண்டு திருமணங்கள், ஒரு மலைவீடு

1896இல் கிரே லேதம் என்ற அழகான இளைஞரை ரோஸ் மணந்தார். ஆரம்பகாலச் சினிமாத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டிருந்த குடும்பம் அவருடையது. உல்லாசச் செலவுக்கும் சூதாட்டத்துக்கும் பழகியவர். ரோஸ் வரைந்த படங்களுக்கான சம்பளத்தை அவர் பத்திரிகை அலுவலகங்களுக்குப் போய் முன்கூட்டியே வாங்கிச் செலவழித்துவிடுவார். ரோஸ் தன் உழைப்புக்கான காசைக் கேட்டுப் போகும்போது காசு ஏற்கனவே போயிருக்கும். 1901இல் அந்தத் திருமணம் விவாகரத்தில் முடிந்தது.

மறுவருடம் ஹரி லியோன் வில்சனை மணந்தார். வில்சன் 'பக்' சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர், நாவலாசிரியர். அவர் நாவல்களுக்கு ரோஸ் படம் வரைந்தார். தானும் ஒரு நாவலை எழுதி 1904இல் வெளியிட்டார். இருவரும் இத்தாலியின் காப்ரி தீவில் சிலகாலம் வாழ்ந்தார்கள். குணங்கள் ஒத்துப்போகவில்லை. ரோஸ் விளையாட்டுத்தனமானவர், குழந்தைமொழியில் பேசுவதில் மகிழ்பவர். வில்சன் இறுக்கமானவர், நாட்கணக்கில் மௌனமாக இருப்பவர். 1907இல் இதுவும் முறிந்தது. அதன் பிறகு ரோஸ் மணம் செய்யவில்லை.

இரண்டு தடவையும் அவர் ஆறுதல் தேடிப் போனது ஓரிடத்துக்குத்தான். அவருடைய குடும்பம் இதற்குள் நெப்ராஸ்காவை விட்டு மிசூரி மாநிலத்தின் ஓசார்க் மலைக்காட்டுக்கு இடம்பெயர்ந்திருந்தது. ஓடைக்கரையில் ஒரு மரக்குடில். ரோஸ் அனுப்பிய காசில் அது மெல்ல மெல்லப் பதினான்கு அறைகள் கொண்ட மாடிவீடாக உயர்ந்தது. அருகில் ஓடிய ஓடையை நினைத்து அந்த இடத்துக்கு 'பொனிபுரூக்' என்று பெயர் வைத்தார். இரண்டாவது திருமணமும் முடிந்து திரும்பி வந்த அந்த மலைவீட்டில்தான், முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது, கியூபிகள் அவருடைய கற்பனைக்குள் வந்தன.

சஞ்சிகைப் பக்கத்திலிருந்து கைக்கு

காதல் கதைகளுக்குப் படம் வரையும்போது பக்கத்தின் மேலும் கீழும் சிறிய மன்மதக் குழந்தைகளை அலங்காரமாகப் போடுவது ரோஸின் வழக்கம். ஒரு பெண்கள் சஞ்சிகையின் ஆசிரியர் எட்வர்ட் பொக் அவற்றைக் கவனித்தார். இந்தக் குழந்தைகளை மட்டும் வைத்து ஒரு தொடர் செய்யலாமே என்று கேட்டார். ரோமானியரின் மன்மதன் பெயர் கியூபிட். அதைக் குழந்தைமொழியில் சுருக்கி ரோஸ் கியூபி ஆக்கினார். மன்மதன் அம்பு விட்டு மனிதரைத் துன்பத்தில் மாட்டிவைப்பவன். கியூபிகளோ மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிடுபவை. தன் அனுபவத்திலிருந்து ரோஸ் செய்த மாற்றம் அது என்று நினைக்க இடமுண்டு.

1909 டிசெம்பர் இதழில் முதல் கதை வந்தது. படமும் அவருடையது, எதுகை மோனையோடு வந்த பாட்டும் அவருடையது. கதைகள் எளிமையானவை. கவனிப்பாரற்ற குழந்தை, வறிய வீடு, தனித்துப்போன கிழவர் என்று யாராவது கஷ்டத்தில் இருப்பார்கள். கியூபிகள் கூட்டமாக வந்து, சிரித்துக் குளறுபடி செய்து, எப்படியோ உதவிவிட்டுப் போகும். கூட்டத்தில் ஒருவன் சமையற்காரன், ஒருவன் தச்சன், ஒருவன் தோட்டக்காரன், ஒருவன் எப்போதும் உபதேசம் செய்பவன். கூடவே ஒரு நாய்க்குட்டியும் உண்டு. நல்லது செய்பவர்கள் முகத்தை நீட்டி வைத்திருக்கத் தேவையில்லை என்பதே இந்தக் கதைகளின் சாரம்.

தொடர் ஒரு சஞ்சிகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. பிள்ளைகளிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. பக்கத்தில் பார்ப்பது போதாது, கையில் பிடிக்க ஒரு கியூபி வேண்டும் என்று கேட்டார்கள். 1912இல் ரோஸ் முதலில் கத்தரித்து எடுக்கும் காகிதப் பொம்மைகளை வரைந்து கொடுத்தார். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியே வரையப்பட்டவை அவை. பொம்மையைத் திருப்பினால் முதுகும் சிறு நீலச் சிறகுகளும் தெரியும். அந்தக் காலத்துக் காகிதப் பொம்மைகளில் இது புதுமை.

அடுத்தது உண்மையான பொம்மை. நியூயோர்க்கின் போர்க்ஃபெல்ட் என்ற வர்த்தக நிறுவனம் விநியோகத்தை ஏற்றது. உற்பத்திக்கு ஜேர்மனியின் துரிங்கியாப் பிரதேசம் தெரிவானது. அக்காலத்தில் உலகத்தின் பொம்மைத் தலைநகரம் என்று சொல்லத்தக்க இடம் அது. அங்கே வால்டர்ஸ்ஹவுசன் நகரின் கெஸ்ட்னர் தொழிற்சாலை முதலில் வேலையைத் தொடங்கியது. மெருகிடாத வெண்பீங்கானில் வார்த்து, சூளையில் சுட்டு, கையால் வர்ணம் தீட்டினார்கள். 1913 மார்ச் 4ஆம் திகதி ரோஸுக்கு வடிவமைப்புக் காப்புரிமை கிடைத்தது. பொம்மையின் நெஞ்சில் இதய வடிவில் ஒரு காகிதச் சீட்டு. பாதத்தின் அடியில் ஓ நீல் என்ற பெயர் பீங்கானிலேயே பொறிக்கப்பட்டது.

இங்கே ஒரு சம்பவத்தை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. ரோஸும் தங்கை கலிஸ்டாவும் ஜேர்மனிக்குப் போய்த் தொழிற்சாலையைப் பார்வையிட்டார்கள். பெரிய பொம்மைகள் அழகாக வந்திருந்தன. மிகச் சிறியவை மட்டும் கவனமின்றிச் செய்யப்பட்டிருந்தன. விலை குறைந்த சரக்கு, ஏழைப் பிள்ளைகள் வாங்குவது, அதற்கு இவ்வளவு போதும் என்பது தொழிற்சாலையின் கணக்கு. ரோஸ் அந்த அச்சுகளை உடைக்கச் சொன்னார். சில்லறைக் காசுக்கு விற்கும் பொம்மையின் முகமும் விலை உயர்ந்த பொம்மையின் முகத்தைப் போலவே இருக்கவேண்டும் என்று நின்று, புதிய அச்சுகளைச் செய்வித்தார்.

விற்பனை எவரும் எதிர்பார்க்காத அளவுக்குப் போனது. கெஸ்ட்னரால் மட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. வேறு பல தொழிற்சாலைகளும் சேர்ந்தன. பொம்மைகளோடு கியூபி கோப்பை, கியூபி துணி, கியூபி பொத்தான், கியூபி மணிக்கூடு என்று பொருள்கள் பெருகின. ஒரு சித்திரக்கதைப் பாத்திரம் சந்தை முழுவதையும் நிரப்புவது இன்று சாதாரணம். வோல்ட் டிஸ்னியின் மிக்கி எலி 1928இல்தான் வந்தது. அதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்னரே ரோஸ் அந்தப் பாதையில் நடந்துவிட்டார்.

வாக்குச் சீட்டுக்காக ஊர்வலம் போன குழந்தைகள்

அந்த வருடங்களில் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதற்குமான வாக்குரிமை இருக்கவில்லை. சில மேற்கு மாநிலங்களில் மட்டுமே பெண்கள் வாக்களிக்க முடிந்தது. நியூயோர்க்கில் வாழ்ந்த ரோஸும் கலிஸ்டாவும் வாக்குரிமை ஊர்வலங்களில் நடந்தார்கள். ரோஸ் தன் தூரிகையையும் அந்தப் போராட்டத்துக்குக் கொடுத்தார்.

வாக்குரிமைக்கு எதிரானவர்கள் ஒரு வாதத்தை ஓயாமல் சொல்லிவந்தார்கள். பெண்கள் வாக்களிக்கத் தொடங்கினால் வீட்டைக் கைவிடுவார்கள், பிள்ளைகள் அநாதையாவார்கள் என்பது அந்த வாதம். போராடும் பெண்களைக் குழந்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போகும் கொடூரிகளாக வரைந்த கேலிச்சித்திரங்கள் ஏராளம். ரோஸ் அந்தப் படத்தைத் தலைகீழாக்கினார். அவருடைய அஞ்சலட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் குழந்தைகளே ஊர்வலம் போனார்கள், தங்கள் தாய்மாருக்கு வாக்குக் கேட்டு. உண்ணும் உணவு, உடல்நலம், விளையாட்டு, வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஆண்களின் வாக்குத்தான் தீர்மானிக்கிறது, தாய்க்கு அதில் பங்கில்லை என்று அந்தக் குழந்தைகள் முறையிட்டன. நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழக்கமான ஒரு முகம் அதைச் சொன்னபோது எதிர்த்துப் பேசுவது கடினமாயிற்று.

1914இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வாக்குரிமைக்காரர்கள் ஒரு விமானத்திலிருந்து கியூபி பொம்மைகளைக் கூட்டத்தின் மேல் போட்டார்கள். பொம்மைகளின் மேல் வாக்குரிமை கேட்கும் பட்டிகள் இருந்தன. 1917இல் நியூயோர்க் மாநிலப் பெண்களும், 1920இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் நாடு முழுவதும் பெண்களும் அந்த உரிமையைப் பெற்றார்கள். அரசியலில் ஒரு பொம்மைக்குப் பங்கு இருந்தது என்று சொல்லக்கூடிய அரிய சந்தர்ப்பம் இது.

உடை விடயத்திலும் ரோஸ் ஒரு கலகக்காரர். இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடையை அவர் வெறுத்தார். காலில் செருப்பின்றி, தளர்ந்த நீண்ட அங்கியோடு வலம்வந்தார்.

காசு வந்த வழியும் போன வழியும்

நியூயோர்க்கின் வொஷிங்டன் சதுக்கத்தில் ஒரு வீடு, கனெக்டிகட்டில் ஒரு பெரிய மாளிகை, காப்ரி தீவில் ஒரு மாளிகை, இவற்றோடு பொனிபுரூக். நான்கு வீடுகளின் கதவுகளும் திறந்தே இருந்தன. கவிஞர்கள், இசைக்கலைஞர்கள், நடனக்காரர்கள், வாடகை கொடுக்க வழியில்லாத இளம் ஓவியர்கள் என்று பலர் வந்து தங்கினார்கள். சிலர் ஓரிரவு, சிலர் வருடக்கணக்கில். எவரிடமும் ரோஸ் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. பெற்றோர், சகோதரர், அவர்களின் பிள்ளைகள் எல்லோரையும் அவரே தாங்கினார்.

இந்தக் காலத்தில் அவருக்குள் வேறொரு ஓவியரும் வேலை செய்துகொண்டிருந்தார். பாறையும் மரமும் மனித உடலும் ஒன்றாகக் கலந்த பூதாகரமான உருவங்களை அவர் தனிமையில் வரைந்தார். அவற்றை 1921இல் பரிஸில் காட்சிக்கு வைத்தார். மறுவருடம் நியூயோர்க்கில் வைத்தார். விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் பொதுமக்களுக்கு அவர் கியூபிக்காரிதான். பொம்மையின் புகழ் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது.

1925இல் 'ஸ்கூட்டில்ஸ்' என்ற இன்னொரு குழந்தைப் பொம்மையை உருவாக்கினார். ஓரளவு விற்றது, கியூபி அளவுக்கு இல்லை. 1929இல் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் வந்தது. அதோடு சஞ்சிகைகளும் மாறிக்கொண்டிருந்தன. கையால் வரைந்த படங்களின் இடத்தைப் புகைப்படம் பிடித்தது. முப்பது வருடங்களாக அவருக்குச் சோறு போட்ட தொழிலே சுருங்கியது. கியூபி மோகமும் தணிந்திருந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 1937இல் ரோஸ் பொனிபுரூக்குக்கே திரும்பினார். அதே வருடம் தாயும் காலமானார்.

அறுபது வயதைத் தாண்டியும் முயற்சியை விடவில்லை. சிரிக்கும் குழந்தைப் புத்தரைப் போல ஒரு புதிய பொம்மையை வடிவமைத்தார். அதற்கு 'ஹோ ஹோ' என்று பெயர். உற்பத்தி ஏற்பாடுகள் முடிவாவதற்குள் பொம்மைத் தொழிற்சாலை எரிந்துபோனது. மிஞ்சிய வருடங்களில் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். பக்கத்து ஊர்க் கல்லூரியில் தன் நேரத்தையும் ஓவியங்களையும் கொடுத்து உதவினார். 1944 ஏப்ரல் 6ஆம் திகதி மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் அவர் உயிர் பிரிந்தது. பொனிபுரூக்கில் தாய்க்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். மூன்று வருடங்கள்கூட ஆகவில்லை, 1947 ஜனவரியில் அந்தப் பதினான்கு அறை வீடும் தீயில் சாம்பலானது.

பொம்மைகளுக்கு என்ன நடந்தது?

அவற்றின் கதி, எதனால் செய்யப்பட்டன என்பதைப் பொறுத்திருந்தது.

ஜேர்மன் பீங்கான் கியூபிகளே மூத்தவை. முதலாம் உலகப் போர் கடற்பாதைகளை அடைத்ததும் அவற்றின் வரவு தடைப்பட்டது. சுட்ட பீங்கான் நூறு வருடங்களிலும் நிறம் மங்காது. ஆனால் கைதவறினால் தீர்ந்தது. பிள்ளைகளின் கைக்குப் போன ஆயிரக்கணக்கானவை விரல் உடைந்து, குடுமி உடைந்து, குப்பைக்குப் போயின. கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தவை தப்பின.

அடுத்தவை மரத்தூளையும் பசையையும் குழைத்து அச்சில் அழுத்திச் செய்தவை. ஜோசப் காலஸ் என்ற இளம் கலை மாணவர் கியூபியின் உருவத்தைச் செதுக்குவதில் ரோஸுக்கு உதவியிருந்தார். பிற்காலத்தில் அவருடைய கேமியோ நிறுவனம் அமெரிக்காவிலேயே இந்த வகையைத் தயாரித்தது. இவை விழுந்தால் உடையாது. ஈரக்காற்றுத்தான் எமன். ஈரம் ஏறி இறங்க, மேற்பூச்சு வலைபோல வெடித்து உதிரும். இன்று கிடைக்கும் பலவற்றின் முகம் வரண்ட குளத்துத் தரையைப் போலிருக்கும்.

மூன்றாவது வகை செலுலொயிட். ஜேர்மனியிலும் அதைவிட அதிகமாக ஜப்பானிலும் செய்யப்பட்டது. காற்றைப்போல் இலேசானது, மலிவானது. பஞ்சுச் சத்தை அமிலத்தில் இட்டுக் கற்பூரம் சேர்த்துச் செய்யும் பொருள் என்பதால் தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். பத்திரமாக வைத்தாலும் காலப்போக்கில் மஞ்சளாகி, நொறுங்கி, தானே சிதையும்.

நான்காவது, சந்தைத் திடல்களிலும் கடற்கரைக் களியாட்டங்களிலும் பந்தெறிந்து வென்றவர்களுக்குக் கொடுத்த பாரிஸ் சாந்துப் பொம்மைகள். பெரும்பாலானவை திருட்டு அச்சில் வார்த்தவை. கண்ணை மூடிக்கொண்டு வர்ணம் அடித்ததுபோல் இருக்கும். ரோஸ் ஜேர்மனியில் உடைக்கச் சொன்ன அதே கவனக்குறைவு இங்கே அச்சாகித் தெருத்தெருவாக விற்றது. இவற்றின் பாதத்தில் பெயர் கிடையாது. பெரும்பாலான சாதாரண மக்கள் கையில் பிடித்த கியூபி இந்தப் பெயரற்ற கியூபிதான். ரோஸின் பெயர் மறைந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பிறகு றப்பரும் வினைலும் வந்தன. ரோஸ் இறந்த பின்னரும் பல பத்தாண்டுகள் கியூபி உற்பத்தி தொடர்ந்தது. ஜப்பானில் அது தனி வாழ்க்கை வாழ்ந்தது. அமெரிக்காவில் மயோனைஸைச் சுவைத்து அறிந்த நாகாஷிமா தோயிச்சிரோ, நாட்டுக்குத் திரும்பிய பின் 1925இல் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர், மக்களிடையே அப்போது பிரபலமாயிருந்த அந்தப் பொம்மையின் பெயர். மிசூரியின் கொலம்பியா நகரில் உள்ள ஹிக்மன் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கோ கியூபிகள் என்றே பெயர். மற்றப் பள்ளிகள் புலியையும் கழுகையும் சின்னமாக வைத்திருக்க, இவர்கள் நூறு வருடங்களாக ஒரு குழந்தையின் பெயரோடு களமிறங்குகிறார்கள்.

மீண்டும் ஒரு வீடு

ரோஸை மறதியிலிருந்து மீட்டவர்கள் பல்கலைக்கழகங்கள் அல்ல, பொம்மை சேகரிப்பாளர்கள். பழைய கியூபிகளைத் தேடிப் போனவர்கள் பாதத்தில் இருந்த பெயரைப் படித்தார்கள். யார் இந்த ஓ நீல் என்று கேட்டார்கள். 1967இல் அவர் பெயரில் ஒரு கழகம் உருவானது. ஓசார்க் பகுதியில் வருடந்தோறும் கூடத் தொடங்கினார்கள். 1975இல் பொனிபுரூக்குக்கென ஒரு வரலாற்றுச் சங்கம் அமைந்தது. எரிந்துபோன வீட்டைப் பழைய புகைப்படங்களைப் பார்த்து அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். 1993இல் அந்த வேலை நிறைவேறியது. இன்று அது நூதனசாலை. அவர் எழுதி வைத்துவிட்டுப் போன வாழ்க்கைக் கதை, இறந்து 53 வருடங்கள் கழித்து, 1997இல் மிசூரிப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் நூலாக வந்தது. 2019இல் அமெரிக்காவின் தேசியப் பெண்கள் கௌரவ மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

சேகரிப்பாளர்கள் ஒரு பழைய கியூபியை எடுத்தால் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முகத்தை எவரும் நகலெடுக்கலாம். கவிழ்த்துப் பாதத்தைப் பார்ப்பார்கள். நெஞ்சில் ஒட்டிய காகித இதயம் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். அது இருந்தால் அதிர்ஷ்டம். பாதத்தில் சூளையில் சுட்ட பெயர் இருந்தால் அது ரோஸ் கண்காணித்துச் செய்வித்த வரிசையைச் சேர்ந்தது. அந்த அடையாளம் உள்ளவற்றில் விரல் நீளம்கூட இல்லாத மிகச் சிறியவையும் உண்டு. ஏழைப் பிள்ளையின் சில்லறைக் காசுக்கென்று செய்த அவற்றின் முகத்திலும் கண், புருவம், புன்னகை எல்லாம் ஒழுங்காகத் தீட்டப்பட்டிருக்கின்றன.